பரவா என்று சொல்லி அனுப்பினீர்கள்

அக்கா,

காலையில் தெருவில் ஒரு ஆட்டோ கிளம்ப மறுத்து நின்றது. ஓட்டுநர் லீவரை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஏழெட்டு இழுப்புக்குப் பிறகு அது இருமிக்கொண்டே உயிர் பெற்றது. வெள்ளைப் புகை எங்கள் முதல் மாடி பால்கனி வரை ஏறி வந்தது. பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிகிற நெடி. தேஹு ரோட்டை விட்டுப் புனேயில் இந்த ஹடப்சருக்குக் குடிவந்த மூன்று வருடமாக தினமும் மூக்கில் ஏறுகிற நெடிதான். இன்றைக்கு மட்டும் கொடியில் போட வேண்டிய ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

நேற்று மாலை உங்கள் மகனின் கடிதம் வந்தது. போன மாதம் அரக்கோணத்தில் நீங்கள் இறந்துபோனதாக எழுதியிருக்கிறான். இங்கே இந்திப் பள்ளியில் படித்த பிள்ளை அல்லவா, பத்து வரித் தமிழில் பாதி பிழை. ‘அம்மா இரந்து விட்டார்கள்’ என்று எழுதியிருந்தான். நீங்கள் யாரிடம் போய் எதை இரந்தீர்கள் என்று புரியாமல் ஒரு நிமிடம் விழித்தேன். புரிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நமக்குள் நடந்ததும் ஒரு சொல்லால் வந்த வினைதான். அல்லது பாவம் அந்தச் சொல்லின்மேல் நான் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறேனா? எட்டு வருடமாக இது எனக்குத் தெளியவில்லை. நீங்கள் இருந்தபோது கேட்கவில்லை. இனி நீங்கள் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேனோ என்னவோ.

தேஹு ரோடு ஊரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கக் குவார்ட்டர்ஸில் நீங்கள், இந்தப் பக்கத்தில் நாங்கள். உங்கள் வீட்டு அண்ணனும் என் வீட்டுக்காரரும் ராணுவ டிப்போவில் ஒரே பிரிவு. அண்ணனுக்குச் சர்க்கரையால் கண் மங்கத் தொடங்கியபோது, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துக் கட்டுப்படியாகாது என்று அவருடைய மோட்டார் சைக்கிளை நீங்கள் ஓட்டக் கற்றுக்கொண்டீர்கள். டிப்போ மைதானத்தில் நீங்கள் முன்னால், அவர் பின்னால். கண் தெரியாவிட்டால் என்ன, அவருக்குக் காது இருந்தது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே “இப்ப கியர மாத்து… கிளட்ச்ச மெதுவா வுடு… அய்யோ, மெதுவான்னேன்” என்று சொல்லிக்கொண்டே வருவார். புடவை சங்கிலியில் மாட்டும் என்று, நமக்குக் காய்கறி கொண்டுவரும் மாவ்ஷியிடம் கேட்டு, ஒன்பது கெஜத்தை மராத்திப் பெண்களைப் போல் கால் பிரித்துக் கட்டப் பழகினீர்கள்.

“பொண்டாட்டி முன்னால, புருசன் பின்னால. நல்லா இருக்கு!” என்று தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி சொன்னாள். நீங்கள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, “முன்னால ஒக்காந்தவளுக்குத்தாம்மே தூசி. அவரு நிம்மதியா வர்றாரு” என்றீர்கள். குழாயடியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இப்படிப் பேச ஒருத்தியால் எப்படி முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் ஓய்வு பெற்றதும் உங்கள் மகன் வந்து அவரையும் மூட்டை முடிச்சையும் அரக்கோணத்துக்குக் கூட்டிப்போனான். குவார்ட்டர்ஸை ஒப்படைக்கும் காகிதம் வரும்வரை நீங்கள் மட்டும் தங்கினீர்கள். வண்டிக்கும் ஆள் பேசியாகிவிட்டது. அடுத்த வார வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அப்போதுதான் ஒருநாள் என் சமையலறைக்கு வந்து, வாசல்படியில் உட்கார்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னீர்கள்:

“போர்னு ஒரு ஊரு, அது வழியா ஒரு மலை ரோடு இருக்குதாம்மே. சின்ன வயசுல அவரு டிப்போ வேலையா அந்தப் பக்கம் போனாராம். அந்த மாதிரி ஒரு அமைதி எங்கயும் பாத்ததில்லன்னு சொல்லிகினே இருப்பாரு. என்ன ஒரு தபா இட்டுகினு போறேன்னாரு, அதுக்குள்ள கண்ணு போச்சு. நான் போய் பாத்துட்டு வந்து அவருக்கு சொல்லணும். வண்டி இன்னும் பத்து நாளுதான் என் கையில.”

“தனியாவா போவிய?”

“நீ எதுக்கு இருக்கற? எனக்கு ஓட்டத் தெரியும். ரோட்டோரக் கல்லுல எழுதிகிறது படிக்கத் தெரியாது. நீ பின்னால ஒக்காந்து படி.”

ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். பலசரக்கு மடித்து வரும் மராத்திப் பேப்பரையும் பஸ் போர்டையும் பார்த்துப் பார்த்து, வரவுசெலவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பழகித்தான் அந்த எழுத்துகளைப் பிடித்தேன். அதை யாரும் ஒரு படிப்பாக நினைத்ததில்லை. நீங்கள்தான் முதல் முதலாக, ‘இது இல்லாமல் நான் மலைக்குப் போக முடியாது’ என்று அதற்கு ஒரு மரியாதை கொடுத்தீர்கள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் பொய்யில்லை. இதை மட்டும் உறுதியாகச் சொல்லுவேன்.

மறுநாளே ஸ்வார்கேட் பஸ் நிலையத்துக்குப் போய், பலகையில் இருந்த ஊர்ப்பெயரையும் தூரத்தையும் எழுதிக்கொண்டு வந்தேன். சமையலறைத் தரையில் தாளை விரித்து இருவரும் உட்கார்ந்தோம். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மராத்தி எழுத்து, நடுவில் கிலோமீட்டர். ஒருவேளை நான் பின்னால் தூங்கிவிட்டால்கூட எழுத்தின் உருவத்தைப் பார்த்து நீங்கள் ஊரை அடையாளம் காண வேண்டும் என்பது என் ஏற்பாடு. முதல் நாள் கட்ரஜ் ஏறி இறங்கி, போர். அங்கே மாவ்ஷியின் தங்கை வீட்டில் தங்கல். இரண்டாம் நாள் வரந்தா காட் என்கிற கணவாயைத் தாண்டி மஹாட். மூன்றாம் நாள் மறுபடி மலையேறி மகாபலேஷ்வர். நான்காம் நாள் வாயி வழியாக வீடு.

“போர்ல ஆரம்பிச்சு வாயில முடியுதா?” என்றீர்கள். “நம்ம ஊட்டு சண்ட வாயில ஆரம்பிச்சு போர்ல முடியும். இது பரவால்லமே.”

வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு நீங்கள் கணக்குச் சொல்ல நான் எழுதினேன். டாங்கில் எத்தனை லிட்டர் கொள்ளும், போரை விட்டால் மஹாட் வரை பம்ப் கிடையாது, லிட்டருக்கு எத்தனை மூடி ஆயில் ஊற்ற வேண்டும், ஆயிலைத் தனி டப்பாவில் எடுத்துப்போக வேண்டும், ஸ்பார்க் பிளக் ஒன்று உபரியாக வேண்டும். வரந்தா காட்டுக்கு நேரே மட்டும் நானாக ஒன்று எழுதினேன்: ‘இங்கே இறங்கி ஜெபம், சாப்பாடு.’ படித்துக் காட்டினேன். “ஜெபம் உனுக்கு, சாப்பாடு எனக்கு” என்றீர்கள்.

அதற்குப் பிறகு என்ன ஆனது எனக்கு? அதுதான் தெரியவில்லை.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, “பரவால்ல” என்றார்.

“போகட்டுமா, வேண்டாமா?”

“அதான் பரவால்லன்னு சொல்லுதேன்லா.”

‘போனால் பரவாயில்லை’யா, ‘போகாவிட்டால் பரவாயில்லை’யா? இதற்குமேல் திருப்பிக் கேட்கிற பழக்கம் அப்போது எனக்கு இல்லை. சபையில் பெண்கள் என்ன சொல்வார்கள் என்று ஒரு நாள் தோன்றியது. இரண்டு பெண்கள் நான்கு நாள் காட்டு வழியில் போவது கர்த்தருக்குப் பிரியமா என்று ஒரு நாள் தோன்றியது. முழங்கால் போட்டு, ஒரு அடையாளம் காட்டும் ஆண்டவரே என்று கேட்டேன். போக வேண்டும் என்பதற்கு அடையாளம் கேட்டேனா, போக வேண்டாம் என்பதற்கா? அதையும் நான் தெளிவாகச் சொல்லிக் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை மாவ்ஷியிடம் உங்களுக்குச் சொல்லியனுப்பினேன்: மனசு ஒரு நிலையில் இல்லை, வராமல் போனால் அக்கா கோபிப்பார்களா என்று கேட்டு வா, எப்போது கிளம்புவதாக இருக்கிறார்கள் என்றும் கேள். இரண்டு கேள்வியை ஒரே ஆளிடம் கொடுத்தேன் பாருங்கள். மத்தியானம் மாவ்ஷி லோக்கல் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் தலையில் கூடையோடு வாசலைத் தாண்டும்போதே கத்திவிட்டுப் போனாள்: “அக்கானீ சாங்கித்லய், பரவா!”

அக்கா சொன்னாங்க, பரவா.

மராத்தியில் பரவா என்றால் நாளை மறுநாள். ஆனால் மாவ்ஷிக்கு நம் லைனில் காய் விற்று விற்றுக் கொஞ்சம் தமிழும் வரும். சில்லறை குறைந்தால் “பரவா இல்லே, பரவா இல்லே” என்று தலையாட்டுவாள். அதனால் நான் அதைத் தமிழாக எடுத்துக்கொண்டேன். வராவிட்டால் பரவாயில்லை என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டீர்கள் என்று நினைத்தேன். அடையாளம் கிடைத்துவிட்டது என்று ஸ்தோத்திரமும் சொன்னேன். அடுத்த நாள் சபையில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து ஏலம், சாப்பாடு என்று மத்தியானம் வரை அங்கேதான் இருந்தேன். அதற்குமேல் ரயில் பாதையைத் தாண்டி உங்களிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கால்மணி நேர நடை. வரவில்லை.

திங்கட்கிழமை வெளிச்சம் வந்ததும் வாசலில் வண்டிச் சத்தம். ஒன்பது கெஜத்தைக் கட்டிக்கொண்டு, தலையில் அண்ணனின் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு நின்றீர்கள். பின்சீட்டுக்கு ஒரு ஜமக்காளத்தை மடித்துக் கட்டியிருந்தீர்கள். எனக்காக. நான் மெலிந்த உடம்பு, எலும்பு குத்தும் என்று.

“இன்னாமே, இன்னும் தலகூட சீவல?”

“எங்கக்கா?”

“எங்கயா? போருக்குத்தான்!”

“நீங்கதான பரவாயில்லன்னு சொல்லிவிட்டிய?”

“யாரு, நானா? நான் பரவான்னேன். நாளானிக்கின்னு அர்த்தம். நீ கத்துக் குடுத்த மராட்டிதாம்மே!”

ஆமாம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு, வழி கேட்க உதவும் என்று நான்தான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்: உஜ்வீகடே வலது, டாவீகடே இடது, ஆஜ் இன்று, உத்யா நாளை, பரவா நாளை மறுநாள். நீங்கள் ஹேண்டிலில் சாய்ந்து சாய்ந்து சிரித்தீர்கள். சிரிப்பு அடங்கியதும் எஞ்சினை அணைத்தீர்கள்.

“செரி போ, பத்து நிமிசம். பொடவைய மாத்திகினு வா.”

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “கர்த்தருக்குச் சித்தமில்லையோன்னு தோணுதுக்கா. இல்லன்னா அந்த வார்த்த எனக்கு அப்படிக் கேட்டிருக்காதுல்லா?”

“உன் கர்த்தரு மராட்டில பேசுனாரா, தமிழ்ல பேசுனாரா? அத சொல்லு மொதல்ல.”

உள்ளே போய், புடவையை மாற்றாமல், அந்தத் தாளை மட்டும் எடுத்துவந்து உங்களிடம் நீட்டினேன். நீங்கள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை. நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, “பரவால்லமே” என்றீர்கள்.

தமிழில்தான் சொன்னீர்கள். அதற்கு எத்தனை பொருள் என்று இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறேன். உதைத்துக் கிளப்பினீர்கள். புகை கலைகிறவரை நான் வாசலில் நின்றேன்.

அந்த நான்கு நாளும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. உங்களுக்கு எதுவும் ஆகக் கூடாது என்று உட்கார்ந்தாலும் எழுந்தாலும் ஜெபம். கிளைச்சாலையில் எழுத்தைப் படிக்கத் தெரியாமல் எந்தக் காட்டுக்குள் போய்விட்டீர்களோ என்று தவிப்பு. எந்த ஆண்டவர் சித்தம் என்று சொல்லி உங்களைத் தனியே அனுப்பினேனோ, அவரிடமே உங்களைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்?

வியாழக்கிழமை மாலை வந்துசேர்ந்துவிட்டீர்கள் என்று மாவ்ஷி சொன்னாள். அந்தத் தாளையும் அவளிடமே கொடுத்தனுப்பியிருந்தீர்கள். மழை பட்டு ஓரம் கரைந்திருந்தது. ஒவ்வொரு ஊருக்கு நேரேயும் ஒரு டிக். எழுத்தின் உருவத்தை வைத்தே அத்தனையையும் கண்டுபிடித்திருக்கிறீர்கள். வரந்தா காட்டுக்கு நேரே மட்டும் டிக் இல்லை. உங்கள் கோணல் கையெழுத்தில், ‘இங்கே நிற்கவில்லை’ என்று இருந்தது.

ஏன் நிற்கவில்லை? மழையா? தனியாக நிற்கப் பயமா? நான் இல்லாமல் அங்கே சாப்பிடப் பிடிக்கவில்லையா? என்மேல் கோபமா? அன்பாகப் படித்தால் அன்பாகத் தெரிகிறது. குத்தலாகப் படித்தால் குத்துகிறது. இரண்டே சொல்தான், அக்கா.

புனே ஸ்டேஷனுக்கு உங்களை வழியனுப்ப வந்தேன். ஊறுகாய் பாட்டில் உடையாமல் இருக்குமா, மகனுக்கு எப்போது பெண் பார்ப்பது, குவார்ட்டர்ஸ் கிளார்க் எப்படி இழுத்தடித்தான் என்று எல்லாம் பேசினீர்கள். கடைசியில் நானே கேட்டேன்.

“மல எப்படிக்கா இருந்திச்சி?”

“மல மாதிரி இருந்துச்சு” என்றீர்கள். கண் சிரித்ததா என்று பார்ப்பதற்குள் கூட்டம் இடித்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

அங்கே போய் நீங்கள் எழுதிய கடிதங்கள் நான்கு. மூன்றில் மலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்றில் மட்டும் இருந்தது: ‘தினம் சாயந்திரம் அவரு மலைக்கத சொல்லச் சொல்றாரு. சொல்றேன். மறந்துபோன எடத்துல நானே சேத்துக்கறேன். அவருக்குத் தெரியல. அந்தக் கணவாய்ல நீயும் நானும் ஒக்காந்து சாப்ட்டோம்னு சொல்லி வெச்சிருக்கேன்.’ இதைப் படித்துவிட்டு அன்று முழுதும் நான் என்ன செய்தேன் என்று எனக்கே நினைவில்லை. அண்ணனிடம் என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினீர்களா? அல்லது உங்களுக்கு உண்மையிலேயே அப்படி இருந்திருக்க வேண்டும் என்று ஆசையா? பதில் எழுதினேன். காய்கறி விலை, மழை, சபைச் செய்தி. அதைத் தவிர எல்லாம்.

நேற்று உங்கள் மகன் கடிதத்தைப் படித்த பிறகு அந்த வருடத்து நோட்டைத் தேடி எடுத்தேன். தினமும் டப்பாவிலிருந்து எடுத்த அரிசியையும் பருப்பையும் நான் எழுதி வைக்கிறது உங்களுக்குத் தெரியும். கேலி செய்வீர்கள். அந்த அறுப்பின் பண்டிகை ஞாயிற்றுக்கிழமையின் கீழே என் கையெழுத்தில் இருக்கிறது: ‘இட்லி அரிசி ஆறு டம்ளர்.’

எங்கள் இருவருக்கு எப்போதும் இரண்டு டம்ளர்தான். ஞாயிற்றுக்கிழமையில் நான் ஆட்டுக்கல்லைத் தொடவே மாட்டேன். அம்மா வீட்டிலிருந்து வந்த பழக்கம். அந்த ஞாயிறு சபையிலிருந்து வந்ததும் ஊறப்போட்டு, சாயங்காலம் உட்கார்ந்து நான்கு நாளைக்கு மாவு ஆட்டியிருக்கிறேன். யாருக்காக? நான் வீட்டில் இல்லாத நாட்களில் அவர் ஊற்றிக்கொள்வதற்காக அல்லவா? நீங்கள் போன அந்தத் திங்கட்கிழமை உள்ளே திரும்பியபோது, மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது இப்போது நினைவுக்கு வருகிறது. அப்போது அதைத் துடைத்தேன். ஏன் இவ்வளவு மாவு என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. புளித்துப்போகிறவரை இருவரும் அதையே தின்றோம்.

ஆக, பரவா என்றால் என்ன என்று என் கைக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருக்கிறது. வாய்க்குத்தான் தெரியவில்லை. அல்லது வாய்க்கும் தெரிந்து, அது தெரியாததுபோல் இருந்ததா? பாவ அறிக்கை செய்யலாம் என்றால் எதை என்று சொல்லிச் செய்வது? பொய் சொன்னேன் என்றா? பயந்தேன் என்றா? வாசலில் நீங்கள் இன்னும் ஒரே ஒரு தடவை ‘வாமே’ என்று சொல்லியிருந்தால்… இல்லை அக்கா. அதையும் உங்கள் தலையில் போட மாட்டேன். ஜமக்காளம் மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவரிடம் இன்னொரு தடவை வேறு அழைப்பு எதிர்பார்ப்பேனா?

உங்களுக்குப் பிறகு என்னிடம் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. அதை எப்போது பிடித்துக்கொண்டேன் என்று தெரியாது. யாராவது கூப்பிட்டால் பரவாயில்லை என்று சொல்வதில்லை. பார்க்கலாம் என்றும் சொல்வதில்லை. சபையில் யாரோ நோயாளியைப் பார்க்கப் போகிறார்கள் என்றாலும், பக்கத்து வீட்டுக்காரி காய்கறிச் சந்தைக்குத் துணைக்குக் கூப்பிட்டாலும், உண்டு என்றால் உண்டு, இல்லை என்றால் இல்லை. நான் எடுத்தெறிந்து பேசியதுபோல் சில பேர் முகம் சுளிக்கிறார்கள்.

போன வாரம் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே, “ஏட்டி, வாறியா…” என்று ஆரம்பித்தார்.

“வாரேன்” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “எங்கன்னு நான் இன்னும் சொல்லவே இல்லியே?”

“வாரேன்னு சொல்லியாச்சு. இனி எங்கன்னு சொல்லுங்க” என்று கொண்டையை முடிந்துகொண்டு இறங்கினேன்.